மூன்றாம் தண்ணீர்

பொழுது பட்டு, மஃரிப் தொழுகை முடிந்து அரை மணிநேரம். பொத்துவிலைத் தாண்டிப் பாணமைக்குப் போகும் பாதை. இடது பக்கம் பற்றைக் காடு, அதற்கப்பால் கடல். கடல் தெரியவில்லை... இரைச்சல் மட்டும்.

என் சிநேகிதி ஹிமாயாவின் சாச்சி மகள், அவளுக்குச் சகோதரி முறையான றுக்ஸானாவுக்கு நடந்தது இது. ஹிமாயா சொன்னதில் ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அருவருப்புத் தாங்காதவர்கள் இப்போதே எழும்பிப் போய்விடலாம். நடுவில் எழும்பக் கூடாது.

அந்தப் பாதையில் ஓர் ஆட்டோ போகிறது. பின்னால் றுக்ஸானாவும் அவள் புருஷன் அஸ்கியும், மடியில் இரண்டு பைகளும். கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து பொத்துவிலில் இறங்கியவர்கள். ஒக்டோபர் கடைசி. அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் போய்விட்ட காலம். கரையோர விடுதிகள் பாதி மூடிக் கிடக்கும்.

கல்யாணம் முடித்து இரண்டு வருடம். அஸ்கிக்குக் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்தில் இரண்டு லீவு. இரண்டையும் சேர்த்தால் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது எழுபத்து மூன்று நாள். அந்த எழுபத்து மூன்று நாளும் வீடு நிறைய ஆட்கள். விருந்து முடிந்தால் அடுத்த விருந்து. புருஷனின் முகத்தை றுக்ஸானா போனில் பார்த்ததுதான் அதிகம். நேரில் என்றால் தலை தானாகக் குனிந்துவிடும். இந்த நாலு நாள் பயணத்தில் அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. கூச்சப்படாமல், ஒரு தடவையாவது, அவன் முகத்தைத் தன் இரண்டு கையாலும் ஏந்திப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவன் திரும்பிப் போக ஆறு நாள் இருந்தது.

ஆட்டோ ஒரு வளைவில் திரும்பியது. வெளிச்சத்தில் நாலு ஆண்கள். பாதையோரம் குந்தியிருந்தார்கள். சாரன் முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. ஒருவர் பிளாஸ்டிக் கேனைச் சரித்துப் பிடிக்க, இரண்டு பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சவர்க்காரம் போட்டு, கழுவி, மணலை அள்ளித் தேய்த்து, மறுபடி சவர்க்காரம். முழங்கைவரை. நாலாவது ஆள் ஒரு மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, குடல் வெளியே வருமாப்போல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் ஆட்டோவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணம் உள்ளே வந்து போனது. முதலில் சவர்க்காரம். அதற்கு அடியில் இன்னொன்று... மூன்று நாள் வெயிலில் கிடந்த மீன் தலை போல. ஆனால் மீனில்லை.

ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

அஸ்கி எடுத்திருந்த இடம் கடலுக்கு நூறு அடி தள்ளி. கிடுகு வேய்ந்த மூன்று சிறு குடில்கள், சுற்றிக் கம்பி வேலி. மற்ற இரண்டும் பூட்டு. குளியலறை வெளியே: நாலு சுவர், சீமெந்துத் தரை, கூரை இல்லை, மூலையில் பீப்பாய்போல ஒரு தண்ணீர்ப் பரல். குடில்களின் சொந்தக்காரர் காலிதீன் ஒரு மணிநேரம் பிந்தித்தான் வந்தார். தலை ஈரம். அஸ்கி ஸலாம் சொல்லிக் கையை நீட்டினான். காலிதீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கை ஊத்தை தம்பி என்றார். சாவியைக் கையில் தராமல் படியில் வைத்தார். லாம்பு வெளிச்சத்தில் றுக்ஸானா அந்தக் கையைப் பார்த்தாள். ஊத்தையில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து உரிந்திருந்தது. சாப்பாடு காலையில் வரும் என்று சொல்லிவிட்டு அவர் ஓட்டமாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை அஸ்கி போனைத் திறந்தான். கட்டாரில் அவன் கட்டடத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை. காலையில் ஒரு பட்டியல், ஒவ்வொன்றாகச் சரி போட்டு, பொழுதுபடும்போது ஒப்படைக்க வேண்டும். அந்தப் பழக்கம் விடுமுறைக்கும் வந்திருந்தது. கடற்கரைக்குப் போனால் செய்ய வேண்டிய பத்துக் காரியங்கள் என்று எங்கோ தேடிப் பிடித்து வைத்திருந்தான். கட்டிலில் சம்மணம் கட்டியிருந்து வாசித்தான்.

"ஒண்டு, சிப்பி பொறுக்கிற. ரெண்டு, களப்புல தோணியில போற. மூணு, அலையில சறுக்கிற. நாலு, மண்ணுக்குள்ள மீன் புதைச்சுச் சுடுற... உனக்கு எது விருப்பம் புள்ள?"

"நீங்க சொல்றதுதான் மச்சான்."

"ரெண்டு வருசமா இதத்தான் சொல்றாய். கட்டார்ல என்ட மனேஜருக்கு நான் சொல்ற மாதிரி."

அவள் சிரித்தாள். தலை குனிந்துதான் சிரித்தாள்.

சிப்பி பொறுக்கினார்கள். வரி போட்டவை, முள் வைத்தவை, உள்ளே ஊதா நிறமானவை. சொப்பிங் பேக் நிறைந்தது. றுக்ஸானாவுக்குத் தெரியவில்லை, பாதிக்கு உள்ளே உயிர் இருந்தது. குடிலுக்குள் கொண்டுவந்து வைத்த இரண்டு மணிநேரத்தில் பை அசையத் தொடங்கியது. மூன்றாவது மணிநேரத்தில் அசைவு நின்றது. பிறகு ஒழுகியது. பச்சையும் கறுப்புமாக, மூக்குச் சளிபோல, தரையில் கோடு விழுந்து, அதில் எறும்பு மொய்த்தது.

களப்பில் தோணிக்காரன் முதலை காட்டினான். முதலை அசையவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு எருமை செத்து ஊதிக் கிடந்தது. தோணி கிட்டப் போனதும் எருமையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய உடும்பு தலையை வெளியே நீட்டி அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அஸ்கி அதைப் படம் எடுத்தான். றுக்ஸானா மூக்கைப் பொத்தியவள், குடில் வரும்வரை கையை எடுக்கவில்லை.

அலைச் சறுக்கலும் அப்படித்தான். மூன்று முறை விழுந்து, நாலாம் முறை வாய் நிறையக் கடல் தண்ணீர் குடித்து, போதும் என்று அஸ்கி வந்துவிட்டான். பட்டியலில் மூன்று சரி விழுந்தது.

வாசித்த நாலில் மிச்சம், மீன்.

பின்னேரம் தோணித்துறையில் ஒரு பெரிய பாரை மீன் எடுத்தான். வாழை இலை, உப்பு, கொச்சிக்காய், புளி. மண்ணில் குழி தோண்டி, நெருப்பு எரித்துத் தணலாக்கி, இலையில் சுற்றிய மீனை வைத்து, மேலே மண்ணைப் போட்டு மூட வேண்டும். கரையில் நடந்து இடம் தேடினான். குடிலுக்குத் தெற்கே கொஞ்சத் தூரத்தில் ஒரு தாழ்வான இடம். அங்கே இலந்தை முள்ளும் காரை முள்ளும் ஒரு ஆள் நீளத்துக்குக் குவித்துக் கிடந்தது. முந்தி வந்தவர்கள் விறகுக்கு வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நமக்கு வேலை மிச்சம் என்று அஸ்கி சந்தோஷப்பட்டான். முள்ளை இழுத்து ஒதுக்கினான். கீழே மணல் தோண்டத் தோண்ட இலேசாக வந்தது. யாரோ முந்தியே தோண்டி மூடியது போல.

ஒரு முழ ஆழத்தில் மணலின் நிறம் மாறியது. சாம்பல் நிறம். ஈரம். விரலுக்கிடையில் கொழகொழத்தது. அதற்குள் ஒரு சவர்க்காரத் துண்டு கிடந்தது. கொஞ்சம் பஞ்சு. அரைத்த இலை.

றுக்ஸானா பஞ்சைப் பார்த்தாள். இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டிய தண்ணீரை ஊரில் எங்கேயும் ஓட விடமாட்டார்கள். அதற்கென்று குழி வெட்டி, அதில் விழவைத்து, மூடி, ஒருவரும் மிதிக்காமல் மேலே முள் போடுவார்கள். அவளுக்குத் தெரியும். ஆனால் அது வீடுகளில். வளவுக்குள். இந்த வெறுங் கடற்கரையில் யார் யாரைக் குளிப்பாட்டப் போகிறார்கள்?

"வேற இடத்துல தோண்டுவமா மச்சான்?" என்றாள்.

"இஞ்சதான் மண் மெதுவா இரிக்கி" என்றான்.

அதற்குமேல் அவள் கதைக்கவில்லை. புருஷன் சந்தோஷமாக இருந்தான். அதைக் கெடுக்க வாய் வரவில்லை. ஹிமாயாவிடம் இதைச் சொன்னபோது றுக்ஸானா அழுதது இந்த இடத்தில் மட்டும்தான்.

முள் நன்றாக எரிந்தது. பச்சை முள்ளானாலும் எரிந்தது. மீனை வைத்து மூடி, ஒன்றரை மணிநேரம் கழித்து எடுத்தார்கள். இலையைப் பிரித்தான். தசை வெள்ளை... அவ்வளவு வெள்ளையாக ஒரு பாரை மீனும் இருக்காது. அஸ்கி விரலால் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். முள்ளைச் சூப்பினான். நல்லாயிருக்கிறது என்றான். றுக்ஸானா ஒரு துண்டை வாயில் வைத்தாள். சவர்க்காரம். பிறகு இலந்தை இலையின் கசப்பு. அதற்கும் அடியில், நாக்கின் பின்பக்கத்தில், ஒரு இனிப்பு... அழுகல் இனிப்பு. முந்தானையில் துப்பிச் சுருட்டிக்கொண்டாள். அவன் பார்க்கவில்லை.

அன்று ஒன்பது மணிக்கே அவளுக்கு நித்திரை வந்துவிட்டது.

தண்ணீர்ச் சத்தத்தில் விழித்தாள். ஒரு மணி. கட்டிலில் அஸ்கி இல்லை. வெளியே குளியலறையில் யாரோ வாளியால் ஊற்றும் சத்தம். சளார்... நிற்கும். சளார்... நிற்கும். மூன்றாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

கதவு திறந்தது. அவன் வந்து வாசலில் நின்றான். லாம்பு அணைந்திருந்தது. துவட்டவில்லை. உடம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் பலகைத் தரையில் விழுவது கேட்டது. பிறகு வந்து பக்கத்தில் படுத்தான். மெத்தை ஒரேயடியாகக் குளிர்ந்தது. அந்த மணம். பாதையில் ஆட்டோவுக்குள் வந்து போன அதே மணம்.

"இன்னும் போகல்ல" என்றான்.

குரல் கம்மியிருந்தது. கடல் தண்ணீர் குடித்த தொண்டை என்று நினைத்தாள். நித்திரைபோலக் கிடந்தாள். சிப்பியின் நாற்றமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் இரண்டு தடவை அவன் எழும்பிப் போனான். இரண்டு தடவையும் இரண்டே ஊற்று. திரும்பி வந்து அதே சொல்.

விடிந்தபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கிடந்தான். றுக்ஸானா முதலில் சிப்பிப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டினாள். தரையைக் கழுவினாள். மணம் போகவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவன் எழும்பவில்லை. அதில் ஆடை படர்ந்தது. ஒரு இலையான் ஈ வந்து அதில் இருந்தது. அதை விரட்டும்போதுதான் பார்த்தாள். மற்ற இலையான் எல்லாம் போர்வையில் இருந்தன. நாற்பது, ஐம்பது. அவளைச் சுற்றி ஒன்றும் இல்லை. கூட்டமாக அவன்மீது மட்டும்.

போர்வைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அடிப்பாதம் வெள்ளை. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கி, மடிப்பு மடிப்பாக. பெருவிரல் நகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மணல்.

"மச்சான், காய்ச்சலா?"

"தண்ணி ஊத்து" என்றான்.

குடிக்கக் கேட்கிறான் என்று நினைத்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தாள். அவள் கை அவன் முழங்கைக்குக் கிட்டப் பட்டது. பிடித்தாள். காய்ச்சிய பாலில் ஆடையைத் தள்ளினால் எப்படிச் சுருங்கி நகருமோ... அப்படி, அவள் பிடிக்குள் தோல் நகர்ந்தது. தோல் மட்டும். கை அங்கேயே இருந்தது.

அவள் வெளியே ஓடினாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லாத பிறகும் எடுத்தாள். தன் விரல்களை மணலில் தேய்த்தாள். சவர்க்காரம் போட்டாள். மறுபடி மணல். முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இதை எங்கேயோ பார்த்தோமே என்று நினைவு வந்தது.

காலிதீனுக்குப் போன் எடுத்தாள். ஐந்து தடவை எடுத்த பிறகே பதில் வந்தது. அவர் வந்து சேரப் பின்னேரமாகி, அஸர் தொழுகையும் தாண்டிவிட்டது. படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று, மூக்கை உறிஞ்சி, சுற்றுமுற்றும் பார்த்தார். தெற்கே கரியும் சாம்பலும் கிடந்த இடம் அவர் கண்ணில் பட்டது.

"அதுல ஆரு தோண்டின?"

"அவர்தான். மீன் சுட."

காலிதீன் அப்படியே மணலில் குந்திவிட்டார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒலுவில் துறைமுகத்திலிருந்து போன ஒரு படகு புயலில் அகப்பட்டது. ஒருவனைத் தவிர எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஒருவன், றிபாஸ் என்று பெயர், இருபத்திரண்டு வயதுப் பொடியன், பன்னிரண்டாம் நாள் இந்தக் கரையில் ஒதுங்கினான். விசாரணை எல்லாம் முடிந்தது. ஊருக்குக் கொண்டுபோகிற நிலையில் உடம்பு இல்லை. உம்மாவுக்குக் காட்டுகிற நிலையிலும் இல்லை. இங்கேயே கிடுகு மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டி, கிட்டவுள்ள மையவாடியில் அடக்குவது என்று முடிவாயிற்று. குளிப்பாட்டப் போன நாலு பேரில் காலிதீனும் ஒருவர்.

"மூணு தண்ணி ஊத்தணும், தங்கச்சி. கடைசித் தண்ணி கற்பூரம் கலந்தது. நாங்க ஒண்டு ஊத்தின. ரெண்டாவது ஊத்தக்குள்ள தோல் கையோட வந்த. ஏலாத மையித்துக்கு மார்க்கத்துல வேற வழி இரிக்கி. பள்ளிவாசல் லெப்பயக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு. கேக்கல்ல. கேட்டு, ஆள் வந்து, அதுக்குப் பொறகு எண்டா இன்னும் ஒரு மணித்தியாலம் அதுக்குக் கிட்ட நிக்கணும்."

"அப்ப?"

"அப்பிடியே சுத்தி மூடின. மூணும் ஊத்தின எண்டு உம்மாக்காரிக்கு போன்ல சொன்ன. நான்தான் சொன்ன." முகத்தைத் துடைத்தார். "அரியண்டம், தங்கச்சி, அருவருப்பு. வேற ஒண்டுமில்ல. அரியண்டம்."

எழும்பிப் போய்த் தன் ஆட்டோவின் இருக்கைக்குக் கீழே கைவிட்டு ஒரு பையை எடுத்தார். அன்று மிஞ்சிய சாமான். இலந்தை இலை, உடைக்காத கற்பூரக் கட்டி, பஞ்சு, கொஞ்சம் வெள்ளைத் துணி. பள்ளிவாசலில் திருப்பிக் கொடுக்கப் பயம், எறியவும் பயம். அதை வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டார். பொத்துவிலுக்குப் போய் இரண்டு ஆட்களைக் கூட்டிவருகிறேன், புருஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றார். நான் உள்ளே வந்து பார்க்கத்தான் வேண்டும், எனக்கு ஏலாது என்றார். ஆட்டோ போன சத்தம் கரைந்த பிறகும் அந்தப் பை கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

றுக்ஸானா குடிலுக்குள் போனாள். கட்டிலில் ஒருவரும் இல்லை. மெத்தையில் ஒரு ஆளின் நீளத்துக்கு ஈரம்.

குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அவன் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தான். தொப்புளிலிருந்து முழங்கால்வரை சாரன். முகத்தின்மீது அந்த நனைந்த போர்வை. வலது கையை இடது கையின்மேல் வைத்து நெஞ்சில் கட்டியிருந்தான். யாரும் கட்டிவிடவில்லை. தானே கட்டிக்கொண்டு, காத்துக்கொண்டு கிடந்தான்.

"ஊத்து" என்றது போர்வைக்குள்ளிருந்து.

அவளுக்குப் பயத்தைவிட ஓங்காளம்தான் முதலில் வந்தது. முந்தானையை மூக்கில் கட்டினாள். யோசித்தாள். விஞ்ஞானம் படிக்கிறவர்கள் யோசிப்பதுபோல, ஒன்றிலிருந்து ஒன்றாக யோசித்தாள். அந்தக் குழியில் தோண்டியது நாங்கள். அதில் சுட்டதைத் தின்றது மச்சான். அரைகுறையாக விட்டுப்போன குளிப்பு மச்சானில் ஏறியிருக்கிறது. அதை முடித்துவிட்டால் அது போய்விடும். அது போனால் மச்சான் மிஞ்சுவார். மதரஸாவில் படித்ததும் நினைவு வந்தது: ஒரு பெண் ஓர் ஆணின் மையித்தைக் குளிப்பாட்டலாம் என்றால், அவன் அவளுடைய புருஷனாக இருந்தால் மட்டும்தான். புருஷன்தானே. ஆகவே குற்றமில்லை.

பையை எடுத்துவந்தாள். கையில் துணியைச் சுற்றினாள். பரலிலிருந்து வாளியில் அள்ளி, இலந்தை இலையைக் கசக்கிப் போட்டாள்.

முதலாவது அந்த நாலு பேரும் ஊற்றியது. அவள் இரண்டாவதிலிருந்து தொடங்கினாள். வலப்பக்கம் முதலில். தோளிலிருந்து கீழே. மெதுவாக... தோல் வழுகாமல், ஒரு குழந்தையின் அம்மைப் பொக்குளத்தைத் துடைப்பதுபோல. கக்கத்தில் பாசி. விலாவுக்கிடையில் மணல். அடிவயிறு பச்சையாக ஊதியிருந்தது. அழுத்தக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்தது. தலைமயிரைக் கோதும்போது ஒரு நண்டுக் குஞ்சு, நகத்தின் அளவு, அவள் மணிக்கட்டில் ஏறி ஓடியது. அவள் கையை உதறவில்லை. வாய்க்குள் எச்சில் ஊறி ஊறி வந்தது. விழுங்கினாள். இரண்டு தடவை கதவுப்பக்கம் திரும்பிச் சத்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, மறுபடி குனிந்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடி, பிறகு மஞ்சளாக, பிறகு வெறும் தண்ணீராக ஓடியது.

மூன்றாம் தண்ணீருக்குக் கற்பூரத்தை நொறுக்கிக் கலந்தாள். கண் எரிந்தது. ஊற்றினாள். அந்த மணம்... முதல்முறையாக... இல்லை. கற்பூரம் மட்டும். கைக்குக் கீழே தோல் இறுகியது. குளிர்ந்த, சுத்தமான ஓர் ஆணின் உடம்பு. அவள் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

முகம் மட்டும் மிச்சம். எழுபத்து மூன்று நாளும் கூசிய முகம். கையில் சுற்றிய துணியையும் கழற்றிவிட்டு, போர்வையை நீக்கி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அதை ஏந்தினாள். கன்னம். தாடி.

அஸ்கிக்குத் தாடி இல்லை.

கண்ணைத் திறந்தாள். மெல்லிய தாடி வைத்த ஓர் இளம் முகம். அவள் ஒருநாளும் பார்க்காத முகம். உதடு கொஞ்சம் விரிந்திருந்தது. அருவருக்க ஒன்றுமில்லை. அழகாகத்தான் இருந்தது.

அவளிடம் ஹிமாயா பலமுறை கேட்டிருக்கிறாள், அந்த இடத்தில் ஏன் எழும்பி ஓடவில்லை என்று. அவ்வளவையும் தாண்டி வந்த கை அங்கே நிற்கவில்லை என்றுதான் சொல்வாள். அந்த நாலு பேரும் விட்ட மாதிரி விட மனம் வரவில்லை. வாளியில் மிஞ்சியிருந்ததை அந்த முகத்தில் ஊற்றி, கண்ணிமை, மூக்கு, காது எல்லாம் துடைத்து, வெள்ளைத் துணியைப் போர்த்தி முடித்தாள்.

படலையில் ஆட்டோ வந்து நின்றது.

"புள்ள..."

அஸ்கியின் குரல். வெளியே ஓடினாள். காலிதீனின் ஆட்டோவிலிருந்து அஸ்கி இறங்கிக்கொண்டிருந்தான். முகம் வெளிறி, கையில் சேலைன் ஏற்றிய இடத்தில் பிளாஸ்டர். காலிதீன் ஆஸ்பத்திரிப் படலையில் அவனைக் கண்டு பேயறைந்தவர்போல நின்றாராம். மீன் தின்ற இரவே அஸ்கிக்கு வயிறு பிரட்டியிருக்கிறது. அவளை எழுப்பப் பாவமாக இருந்ததாம். ஒரு பார்மசியைத் தேடி நடந்தவன் பாதையில் விழுந்துவிட்டான். லொறிக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். போன் குடிலில். மனைவி தனிய இருக்கிறாள் என்று சொல்ல அவனுக்குப் பகல்வரை நினைவில்லை.

றுக்ஸானா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ராவு எத்தின மணிக்குப் போன நீங்க?"

"பத்தர இரிக்கும். நீ நல்ல நித்திர."

ஒரு மணிக்கு வந்து பக்கத்தில் படுத்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை. காலிதீன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை மூக்கைப் பொத்தாமல், குளியலறைக்குள் போய்ப் பார்த்தார். தரை முழுக்க ஈரம். கற்பூர மணம். நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது. வெள்ளைத் துணி இல்லை.

அந்த இரவே கல்முனைக்கு வந்துவிட்டார்கள். சொன்ன நாளில் அஸ்கி கட்டாருக்குப் போனான். வழியனுப்பும்போது றுக்ஸானா தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்தாளாம். யாரோ தூரத்து உறவுக்காரனைப் பார்ப்பதுபோல.

அவன் போன ஒன்பதாம் நாள், நண்பகல் ளுஹர் தொழுகைக்குச் சற்று முன், வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் நடந்து களைத்த முகம். கையில் ஒரு பார்சல். ஒலுவிலிலிருந்து வருகிறேன், பெயர் சுபைறா என்றார். றுக்ஸானாவின் உம்மாவிடம் கேட்டார்:

"றுக்ஸானா எண்ட புள்ளட வீடு இதானே? என்ட மகன் றிபாஸ்ட பொண்சாதி."

அவருடைய மகன் கல்யாணமே முடிக்காதவன். அதை அவரே சொன்னார். மூன்று இரவு கனவில் வந்தானாம். குளித்து, சுத்தமாக, கற்பூரம் மணக்க. என்னைக் குளிப்பாட்டியவள் இன்ன ஊரில், இன்ன ஒழுங்கையில், இன்ன பெயரில் இருக்கிறாள், போய்ப் பாருங்க உம்மா என்றானாம். புருஷனையல்லாமல் வேறு ஆணை ஒரு பெண் குளிப்பாட்ட மாட்டாளே, அதனால் இவள் அவன் மனைவிதானே என்று அந்த உம்மா சாதாரணமாகக் கேட்டார். காலிதீன் அல்லாஹ்மேல் சத்தியம் செய்கிறார், பெயரைத் தான் எவரிடமும் சொல்லவில்லை என்று.

றுக்ஸானாவின் உம்மா அவரை விரட்ட வாயெடுத்தார். அதற்குள் றுக்ஸானா அறையிலிருந்து வந்தாள். இரண்டு கையையும் நீட்டிப் பார்சலை வாங்கினாள். உள்ளே வெள்ளைச் சேலை. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும்போது உடுத்துவது.

அன்றிலிருந்து அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. உம்மா அழுதார், வாப்பா சத்தம் போட்டார், லெப்பை வந்து திரைக்கு இந்தப் பக்கம் இருந்து எடுத்துச் சொன்னார். உன் புருஷன் உயிரோடு இருக்கிறான் பிள்ளை என்றார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அஸ்கி ஒவ்வொரு நாளும் அழைப்பான். போன வெள்ளிக்கிழமை ஹிமாயா போனைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் பிடித்தாள். திரையில் அஸ்கி அழுதுகொண்டிருந்தான். புள்ள, ஒரு சொல்லாவது கதை என்றான்.

றுக்ஸானா வெள்ளை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஹிமாயாவிடம்தான் சொன்னாள். மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு.

"அத அங்கால எடுகா. நான் இத்தாவுல இரிக்கன். அன்னிய ஆம்புளயோட எப்பிடிக் கதைக்கிற?"